மணமும் சொல்லும்

கண்ணுக்கு ஓவியம் உண்டு. செவிக்கு இசை உண்டு. நாவுக்கு விருந்து உண்டு. இவற்றில் ஈடுபாடு கொண்டோரைக் கலையுணர்வு மிக்கவர் எனப் பாராட்டுவர். மூக்கின்பால் ஈடுபாடு கொண்டவரை மட்டும் ஆடம்பரப் பிரியர் என்று ஒதுக்குவது நம்மவரிடையே வழக்கமாக இருக்கிறது. இருபது ஆண்டுகளாக அத்தர்க் குப்பிகளோடு வாழ்ந்துவரும் நாம் இவ்வழக்கத்தை நன்கு அறிவோம். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு முன் காதுமடலில் அத்தர்ப் பஞ்சோடு ஆசிரியர் அறைக்குள் நுழைந்தால், "இன்று என்ன பூ?" என்று கேட்கும் நண்பர் ஒருவர் உளர். "தமிழாசிரியருக்கு இத்தனை மணம் எதற்கு?" என்று கேட்கும் மூத்தவரும் ஒருவர் உளர். மூத்தவருக்கு விடை கூறவே இக்கட்டுரையை எழுதத் தொடங்கினோம். எழுதுங்காலை வேறொரு கவலை முந்திக்கொண்டது. அதையே முதலில் கூறுவோம்.

சென்ற ஆண்டு இரண்டாமாண்டு இலக்கிய வகுப்பில் குறிஞ்சிப்பாட்டு நடத்திக்கொண்டிருந்தோம். கபிலர் பூக்களை அடுக்கிச் செல்லும் பகுதியை மாணவர் மனப்பாடம் செய்வர்; தேர்வில் பிழையின்றி எழுதுவர்; 99 என்னும் எண்ணிக்கையை ஒருபோதும் மறவார். ஆயினும் அப்பட்டியலில் வரும் வகுளம் என்பது தம் தெருமுனையில் நிற்கும் மகிழமரமே என்று அறிந்தவர் வகுப்பில் இருவரே. ஆகவே மறுநாள் மகிழம்பூவும் சண்பகமும் தாழை மடலும் கொண்டுசென்று, கண்களை மூடி முகர்ந்து, மணம் எத்தகையது என்று கூறுமாறு பணித்தோம். "நல்ல ஸ்மெல் ஐயா" என்றார் முதல் மாணவர். "இதுவும் நல்ல ஸ்மெல்தான் ஐயா" என்றார் அடுத்தவர். தாழைக்கு வந்தபோது, "இது கொஞ்சம் ஓவர் ஸ்மெல்" என்று ஒரு சிறு மாறுதல் கிடைத்தது. மூன்று பூக்களுக்கும் முப்பத்தெட்டு மாணவருக்கும் ஒரே சொல். அதுவும் தமிழ்ச்சொல் அன்று. மாணவரை மட்டும் குறைகூறுதல் முறையாகாது. அன்று மாலை ஆசிரியர் அறையில் அதே தாழை மடலை நீட்டியபோது, முனைவர் பட்டம் பெற்ற நண்பரும் அச்சொல்லையே கூறினார்.

தமிழில் சொல் இல்லாமையால் நேர்ந்ததா இது? நம் வீட்டு அடுக்களையிலிருந்தே தொடங்குவோம். பச்சை மீனுக்குக் கவிச்சி. ஆட்டுக் கிடாய்க்கு மொச்சை. நேற்றைய சோற்றுக்கு ஊசல். பலநாள் கழுவாத எண்ணெய்க் கிண்ணத்துக்குச் சிக்கு. பழைய தேங்காய்க்குக் காறல். வறுபடும் மிளகாய்க்கும் புகையிலைக்கும் நெடி. மழைக்காலத்தில் உலராத துணிக்கு மக்கல். அழுகும் தசைக்கு முடை. இவற்றுள் ஒன்றை மற்றொன்றின் இடத்தில் வைத்துப் பேச இயலாது. சோறு மொச்சையடிக்கிறது என்று எந்த வீட்டுப் பெண்மணியும் கூறமாட்டார். நல்ல மணத்தின் பக்கம் திரும்பினால் மணம், வாசம், விரை, நறை, வெறி, கடி, பரிமளம் எனச் சொற்கள் நீளும். கமழ்தல் என்னும் வினையோ மணம் பரவுவதையே தனியே பிரித்துச் சொல்லும். வெறி என்பதற்கு இன்று கோபத்தையும் கடி என்பதற்கு நாயையும் மட்டுமே அறிந்த தலைமுறை வந்துவிட்டது.

இச்செல்வம் எல்லா மொழிகளுக்கும் வாய்த்ததன்று. மலேசியத் தீபகற்பத்தின் மலைக்காடுகளில் வாழும் ஜஹாய் என்னும் பழங்குடியினரின் மொழியை ஆசிஃபா மஜித், நிக்லாஸ் புரென்ஹல்ட் என்னும் இரு ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2014இல் கட்டுரை வெளியிட்டனர். நிறங்களைப் பெயரிடுவதைப் போன்ற எளிமையோடு ஜஹாய் மக்கள் மணங்களையும் பெயரிட்டனர். ஆங்கிலம் பேசுவோர் நிறங்களை விரைவாகக் கூறிவிட்டு, மணங்களைக் கூற முயன்று நெடுநேரம் தடுமாறினர் என்பது அவர்தம் முடிவு. மணத்தைப் பெயரிடுவதில் எளிய மொழி எனத் தன்னையே மெய்ப்பித்துக்கொண்ட ஒரு மொழியிலிருந்து, கவிச்சியும் காறலும் நெடியும் உடைய நாம் ஒற்றைச் சொல்லைக் கடன் வாங்கி, நம்முடைய ஒரு டஜன் சொற்களை அதற்கு ஈடாகக் கொடுத்திருக்கிறோம். இத்தகைய வணிகத்தை நம் ஊர்க் கடைத்தெருவில் எந்த வணிகரும் செய்ய மாட்டார்.

நாற்றம் என்னும் சொல்லின் வரலாறு தனியே நோக்கத்தக்கது. திருக்குறளில் அரும்புக்குள் அடங்கியிருக்கும் மணத்தைச் சுட்ட இச்சொல்லே வந்தது. ஆண்டாள் நாச்சியார் திருமொழியில் சங்கை நோக்கிக் கேட்கும் இடத்திலும் நாறுதல் என்பது நறுமணமே. பின்னர் அச்சொல் இழிந்தது என்று இலக்கண வகுப்பில் இழிபொருட்பேற்றுக்குச் சான்று காட்டி முடித்துவிடுவோம். வேதியியல் துறை நண்பர் ஒருவர் வேறொரு செய்தியைக் கூறினார். மல்லிகையின் மணத்தில் இண்டோல் என்னும் சேர்மம் சிறிதளவு உண்டு; அதே சேர்மம் செறிவு மிகுந்தால் மலக்குழியை நினைவூட்டும். அச்சிறிதளவை நீக்கிச் செய்த செயற்கை மல்லிகை, உயிரற்ற காகிதப்பூவைப் போன்று தோன்றும். மலர்ந்த மல்லிகை நள்ளிரவில் சற்றே திகட்டுவதன் காரணமும் அதுவே. நறுமணமும் தீமணமும் ஒரே சொல்லுக்குள் குடியிருந்தமை நம் முன்னோரின் சொல்வறுமை என்று இனியும் எண்ண நமக்கு மனம் வரவில்லை.

இனி நம் பித்தினைப் பற்றிச் சிறிது கூறலாம். அத்தர் வாங்குதல் பொறுமையைக் கோரும் செயல். கடைக்காரர் கண்ணாடிக் கோலால் புறங்கையில் ஒரு கோடிழுப்பார். அப்பொழுதே விலை பேசுவோர் ஏமாறுவர். முதலில் எழுவது கோபுரவாயில். கருவறை இன்னும் தொலைவில் இருக்கும். நாம் கடையை விட்டு வெளியேறி, தேநீர் அருந்தி, லுஹர் தொழுது, அதன்பின் புறங்கையை முகர்ந்து பார்த்து முடிவு செய்வோம். இவ்வளவு செய்தும் ஏமாந்ததுண்டு. சந்தனத்தைல அடிப்படையில் வடித்தது என உறுதி கூறித் தரப்பட்ட ரோஜா அத்தர், மாலைக்குள் வெறும் திரவப் பாரஃபினாக எஞ்சிய கதையை வீட்டில் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். அக்கடைக்காரரை மட்டும் நொந்து பயனில்லை. சந்தனத்தின் விலை ஏறிய நாள்தொட்டு வடிப்போர் பலர் பாரஃபின் போன்றவற்றை நாடியுள்ளனர்.

ஒரு கோடை விடுமுறையில் கான்பூரிலிருந்து பேருந்தேறிக் கன்னோஜ் நகரத்துக்குச் சென்று வடிப்பாலை ஒன்றைக் கண்டோம். தேக் எனப்படும் செம்புக் கொப்பரையில் பூவும் நீரும். மூடியைச் சுற்றிக் களிமண் பூச்சு. கயிறு சுற்றிய மூங்கிற்குழாய். அதன் மறுமுனையில் நீர்த்தொட்டிக்குள் அமிழ்ந்த பப்கா என்னும் கலம். அக்கலத்துக்குள் மணத்தை ஏற்கக் காத்திருக்கும் தைலம். வெப்பமானி இல்லை. முதியவர் ஒருவர் கலத்தைத் தொட்டும் கொப்பரையின் ஓசையைக் கேட்டும் நெருப்பைக் கூட்டியும் குறைத்தும் வந்தார். நமக்கு இந்தி தெரியாது. அவருக்குத் தமிழ் தெரியாது. அன்று கொப்பரையில் இருந்தவை பூக்கள் அல்ல. சுட்ட களிமண் ஓடுகள். முதல்மழை மண்ணின் மணத்தை அவர் வடித்துக்கொண்டிருந்தார். அம்மணத்துக்குப் பெட்ரிகோர் என்னும் பெயரை ஆஸ்திரேலிய அறிவியலார் இருவர் சூட்டியது 1964இல். நம் உழவர் மண்வாசனை என்று அதற்கு எத்தனையோ காலம் முன்பே பெயரிட்டிருந்தனர். அச்சொல்லையும் நாம் திரைப்பட விமரிசனத்துக்கு விட்டுக்கொடுத்துவிட்டோம்.

இன்று நம் மாணவர் பலரும் ஊது என்னும் பெயர் பொறித்த தெளிப்பான்களை விரும்பிப் பூசுகின்றனர். அரபியில் ஊது என்றால் கட்டை என்பதே நேர்ப்பொருள். இங்கே குறிக்கப்படும் கட்டை, அக்விலேரியா என்னும் மரம் காயமுற்று, பூஞ்சை தாக்கி, தன்னைக் காத்துக்கொள்ளச் சுரந்த பிசினால் கறுத்த வயிரம். நலமாக வளர்ந்த மரத்தில் அம்மணம் இல்லை. அளவின்றி வெட்டப்பட்டதால் அவ்வினத்து மரம் ஒன்றன் பன்னாட்டு வணிகம் 1995 முதல் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. இதுவே தமிழில் அகில். பட்டினப்பாலையில் புகாரின் தெருக்களில் குவிந்த பண்டங்களுள் மேற்கு மலையின் சந்தனமும் அகிலும் உண்டு. (அம்மலையில் கிடைத்தது வெள்ளகில் என்னும் வேறு மரமாகலாம் என்பாரும் உளர், அத்தடை ஏற்கத்தக்கதே.) அகிற்புகை என்று பாடத்தில் வரும்போது கொட்டாவி விடும் மாணவர், அதே பொருளின் பெயரைச் சட்டைப்பையில் சுமந்து வருகிறார். தெளிப்பான்களில் கலந்த ஆல்கஹால் பற்றிய மார்க்கத் தீர்ப்பை ஆலிம் பெருமக்களிடமே விட்டுவிடுகிறோம். மூடிய வகுப்பறையில் அரைக்குப்பியைத் தெளித்துக்கொண்டு வருவது அடுத்தவர் தலைக்குச் செய்யும் தீங்கு என்பதற்கு மட்டும் தீர்ப்பு வேண்டியதில்லை.

இப்பொழுது நம் மூத்தவருக்கு வருவோம். ஆடம்பரம் என்னும் அவர் சொல்லில் உண்மை இல்லாமலில்லை. தோலாக் கணக்கில் வாங்கி அடுக்கி, விலையைச் சொல்லிப் பெருமை கொள்வோரை நாமும் கண்டிருக்கிறோம். ஆனால் நறுமணம் நல்கப்பட்டால் மறுக்கலாகாது என்று கற்பித்தவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள். நல்ல தோழமைக்குக் கஸ்தூரி விற்பவரை உவமையாக்கியதும் அவர்கள்தாம். யூசுஃபின் சட்டை வந்துசேருமுன்னரே அவர்தம் வாடையை உணர்ந்த யஃகூப் நபியின் செய்தி குர்ஆனில் உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டின் மெய்யியலறிஞர் அல்கிந்தி, மணப்பொருள் வேதியியலுக்கும் வடித்தலுக்கும் நூறு செய்முறைகளுக்கு மேல் கொண்ட ஒரு நூலே எழுதினார். தமிழின் பக்கம் நோக்கினால், சிலப்பதிகாரத்தில் மாதவியின் கூந்தலை நீராட்டப் பத்துத் துவரும் ஐந்து விரையும் முப்பத்திரண்டு ஓமாலிகையும் ஊறிய நீர் ஆயத்தமாகிறது. இளங்கோவடிகள் துறவி; அவருக்கே அப்பட்டியல் தேவைப்பட்டது. மூன்று மில்லி மண் அத்தரை ஓராண்டுக்கு வைத்துக்கொள்ளும் தமிழாசிரியரை மன்னிக்கலாம்.

மணத்தோடு நமக்கு வேறு இரு பொழுதுபோக்குகளும் உண்டு: அரபு எழுத்தணியும் பழநூற் கட்டுமானமும். எழுத்தணிக்கு நாணற்பேனாவைச் சீவி, விளக்குப்புகைக் கரியையும் வேலம்பிசினையும் இழைத்த மையைப் பட்டுநூல் திரளில் ஊறவைத்து எழுதுவோம். பத்தாம் நூற்றாண்டின் இப்னு முக்லா காட்டிய நெறியில், பேனாமுனை இடும் புள்ளியே அளவுகோல்; அலிஃபின் உயரம் இத்தனை புள்ளி என்று கணக்குண்டு. கட்டுமானத்துக்கு மைதாப் பசையில் பூச்சிக்கென மயில்துத்தம் சேர்ப்போம். பாட்டனார் காலத்து அரபுத்தமிழ்க் கிதாபு ஒன்றைப் பிரித்துக் கட்டும்போது, தாளின் மணமும் பசையின் மணமும் மையின் மணமும் கலந்து எழும். "இது வீடா, அத்தர்க் கடையா, அச்சாபீசா?" என்பார் இல்லத்தரசியார். இம்மூன்று வேலைகளின் சேர்க்கையாகவே அந்தப் பேரேடு பிறந்தது. நாமே காலிகோத் துணியிட்டுக் கட்டிய பச்சை ஏடு. எழுத்துக்குப் புள்ளி அளவாக இருப்பதுபோல் மணத்துக்குச் சொல் அளவாக வேண்டும் என்று கருதி, நாளொன்றுக்கு ஒரு மணத்தை அதில் எழுதிவந்தோம். "மகிழம்பூ, உலர்ந்து மூன்றாம் நாள்: நெல் அவித்த பானையைத் திறந்தாற்போல் வெதுவெதுப்பு, அதன்மேல் தேன்." "சுண்ணாம்படித்த பள்ளிவாசல் மதில், மழைக்குப் பின்: நனைந்த சாக்கட்டி." இப்படியே பக்கங்கள் நிறைந்தன. இதனால் என்ன பயன் என்று எவரும் கேட்டிருந்தால் விடை கூறியிருக்க மாட்டோம்.

2021ஆம் ஆண்டு மே மாதம் கொரோனாத் தொற்று நம்மையும் தொட்டது. காய்ச்சல் நான்கே நாள். ஐந்தாம் நாள் ஸுபுஹுத் தொழுகைக்குப் பின் வழக்கம்போல் குப்பியைத் திறந்தோம்; ஒன்றுமில்லை. குப்பி கெட்டுவிட்டது என்றே முதலில் நினைத்தோம். அடுத்ததைத் திறந்தோம். பதினொரு குப்பிகளையும் திறந்து வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தோம். அடுக்களையில் சாளைக் கருவாடு பொரிந்துகொண்டிருந்தது. அதன் ஓசைதான் கேட்டது.

ஒரு வாரம் கழித்து, அடுப்பங்கரையை ஒட்டிய அறையில் எழுத்தணி எழுதிக்கொண்டிருந்தபோது மகள் வெளியிலிருந்து ஓடிவந்து, "வாப்பா, கேஸ் வருது, தெரியலையா?" என்று கூவிச் சன்னல்களைத் திறந்தாள். குமிழ் சற்றே திறந்து கிடந்தது. எரிவாயுவுக்குத் தனக்கென மணமில்லை. கசிவை மனிதர் அறியவே எதைல் மெர்காப்டன் என்னும் நாறும் பொருளைச் சேர்க்கின்றனர். அன்று நமக்கு அதுவும் இல்லை. மேசைவிளக்கின் பொத்தானை அழுத்தக் கை நீட்டியிருந்தோம். ஆடம்பரம் என்று பிறர் எள்ளிய புலன் வீட்டின் காவலாளியாகவும் இருந்தது என்பதை அன்று அறிந்தோம்.

மருத்துவர் ஒரு பயிற்சியைக் கூறினார். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் தாமஸ் ஹும்மெல் குழுவினர் 2009இல் வெளியிட்ட முறை அது. ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் ஆகிய நான்கையும் காலையும் மாலையும் சில நொடிகள் முகர வேண்டும். பன்னிரண்டு வாரமேனும் தொடர வேண்டும். முகரும்போது அம்மணத்தை நினைவுக்குக் கொண்டுவர முயலுங்கள் என்றார் மருத்துவர். அங்கேதான் சிக்கல். முகத்தை நினைவில் கொணரலாம். பாட்டை மனத்துக்குள் பாடலாம். மணம் அவ்வாறு அழைத்தால் வருவதில்லை. அப்பொழுதுதான் பச்சை ஏட்டின் நினைவு வந்தது. ஒவ்வொரு முறையும் ஏட்டிலுள்ள நம் சொற்களைப் படித்துவிட்டு முகர்ந்தோம். கிராம்பின்கீழ், "பல்வலியன்று பெத்தும்மா கன்னத்துக்குள் ஒதுக்கிவைத்தது, காரம் முன்னே, மரச்சாமான் கடை பின்னே" என்றிருந்தது. எட்டாம் வாரத்தில் ஒருநாள், நனைந்த அட்டையைப்போல் ஏதோ ஒன்று வந்தது. அதுவே ரோஜா என்று கண்டுகொள்ளச் சொற்கள் துணைநின்றன. மூக்கிலுள்ள மண நரம்புகள் வாழ்நாள் முழுவதும் புதுப்பிக்கப்படுபவை என்பதால் மீட்சிக்கு இயற்கையே முதற்காரணம்; ஏட்டுக்கு அப்பெருமையைத் தரமாட்டோம். இருப்பினும், சொல் இல்லாத மணங்கள் நமக்கு மிகத் தாமதமாகவே திரும்பின. காப்பியை ஏட்டில் நாம் எழுதியிருக்கவில்லை. நாள்தோறும் குடிப்பதை எழுதுவானேன் என்று விட்டிருந்தோம். அது இன்றும் கரிந்த ரப்பராகவே வருகிறது.

இந்நிகழ்ச்சிகளுக்குப் பிறகே குறிஞ்சிப்பாட்டு வகுப்பும், ஒற்றை ஸ்மெல்லும். நம் அச்சம் யாதென்று மாணவர்க்கு இப்போது விளங்கும் என நம்புகிறோம். ஒரு புலன் அழிந்தால் மருத்துவரிடம் செல்கிறோம். அதன் சொற்கள் அழிந்தால் செல்ல இடமில்லை. ஆகவே அந்த ஏட்டைத் துறையின் பொதுமேசையில் வைத்துவிட்டோம். யார் வேண்டுமாயினும் எழுதலாம்; ஒரே நிபந்தனை, ஸ்மெல் என்னும் சொல் கூடாது. முதல் மாதம் ஏடு அப்படியே கிடந்தது. பின்னர்க் கடற்கரையூர் மாணவர் ஒருவர், "பச்சை மீனுக்குத்தான் கவிச்சி, கருவாட்டுக்கு வாடை" என்று எழுதினார். உள்நாட்டு மாணவர் அதை அடித்து, "இரண்டும் கவிச்சியே" என்று திருத்தினார். சண்டை உணவுக்கூடம் வரை சென்றது. உணவுக்கூடச் சமையற்காரரை நடுவராகக் கேட்டபோது அவர் மூன்றாவதாக ஒரு சொல் கூறினார்: ஆற்றுமீனுக்கு மண்கவிச்சி. அதுவும் ஏட்டில் ஏறியது. தமிழ்த்துறையில் சொல்லுக்காக மாணவர் சண்டையிட்டு நாம் பார்த்து நெடுநாளாயிற்று, இருவரையும் கண்டிக்கவில்லை.

இவ்விதழைப் படிக்கும் சமுதாய மூத்தோரிடம் ஒரு வேண்டுகோள். நம் பெத்தும்மாவின் தகரப்பெட்டியில் மடித்த துப்பட்டிகளுக்கிடையே தாழை மடல் வைத்திருப்பார்கள். பெருநாளன்று பெட்டியைத் திறந்தால் உலர்ந்த தாழையும் தகரமும் பழந்துணியும் சேர்ந்த ஒரு மணம் எழும். தாழம்பூ வாசமன்று அது, மக்கலும் அன்று. அதற்கென்று பெத்தும்மா ஒரு தனிச்சொல் வைத்திருந்தார்கள். பிள்ளைப் பருவத்தில் நாளும் கேட்ட சொல் அது. நமக்கு மறந்துவிட்டது. ராத்தாவிடம் கேட்டோம், "உம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கும்" என்றார். உம்மா மறைந்து ஆறு ஆண்டுகளாகின்றன. ஏட்டில் அதற்கென ஒரு பக்கத்தை வெறுமையாக விட்டிருக்கிறோம். அச்சொல்லை அறிந்தோர் யாரேனும் இருப்பின் துறைக்கு ஓர் அஞ்சலட்டையேனும் எழுதுமாறு வேண்டுகிறோம்.